ஆஃப் பண்ணின சக்கரம்

என் தம்பி துலுக்கானத்துக்கு வலது கை போனது ஒரு ஆயுத பூஜை அன்று. கம்பெனியில் கேட்டால் அது வேலையில் போன கை இல்லை, பூஜையில் போன கை என்பார்கள். நான் வேலையில் போனது என்றுதான் சொல்வேன். யார் வந்து எத்தனை தரம் கேட்டாலும் என் பேச்சு மாறாது. அதனால் அதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். மற்றதைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நாங்கள் அம்பத்தூருக்கு அந்தப் பக்கம், அத்திப்பட்டு. தொழிற்பேட்டை எஸ்டேட் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கம் எல்லாம் நெல்தான். நிலம் ஜானகிராமன் வீட்டு நிலம். எங்கள் அப்பா வேம்புலி அதில் கூலியாள். அம்மா தம்பியைப் பெற்ற கையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவனுக்குப் பால் பல் விழுந்தபோது அதைக் கூரைமேல் எறிந்ததும் நான்தான், அவனுக்கு மீசை முளைத்தபோது கண்ணாடி வாங்கிக் கொடுத்ததும் நான்தான். எனக்குக் கல்யாணமாகி அதே தெருவில் நாலு வீடு தள்ளிப் போனேன், அவ்வளவுதான் தூரம்.

நிலத்தில் பாதியை எஸ்டேட்டுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். மீதியில் ஜானகிராமன் ஷெட் போட்டு, லேத்து மிஷின்கள் வாங்கிப் போட்டு முதலாளி ஆனார். அவரை நாங்கள் சின்னய்யா என்போம், அவர் அப்பாவைப் பெரியய்யா என்று கூப்பிட்ட பழக்கம். அப்பா களத்துக்குப் போன வழியிலேயே தம்பி ஷெட்டுக்குப் போனான். வழி அதேதான். முள்வேலி இருந்த இடத்தில் காம்பவுண்டு சுவர் வந்திருந்தது.

துலுக்கானம் ஹெல்ப்பர். இரும்பு தூக்குவான், துடைப்பான், கிரீஸ் போடுவான், குழி தோண்டச் சொன்னால் தோண்டுவான். படிப்பு ஏறவில்லை, எனக்கு ஏறாத மாதிரியே. ஆனால் சிரித்த முகம். டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகாது. அவனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கம்பெனி ஆள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். பர்மனெண்ட் ஆனவர்களுக்கு மட்டும் அந்தக் கம்பெனியில் நீலச் சட்டையும் நீல பேண்ட்டும் கொடுப்பார்கள். சட்டைப் பையின் மேல் சிவப்பு நூலில் கம்பெனி பேர் தைத்திருக்கும். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது, அவனுக்கும் அரைகுறைதான். ஆனால் அந்தச் சிவப்பு நூல் சாயங்காலத்தில் தெருவில் வருவதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவான். இவன் மட்டும் கிழிந்த காக்கி டிராயரில் வருவான். பல வருஷம் வேலை செய்தும் அவன் பேர் கம்பெனிப் பேரேட்டில் இல்லை.

காட்டுப்பாக்கத்தில் லோகநாயகி என்று ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தோம். அவளுக்கும் இவனைப் பிடித்திருந்தது. அவள் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பர்மனெண்ட் ஆகட்டும், அப்புறம் வாங்க என்றார். ஆக, சட்டை வந்தால் பெண் வரும், பெண் வந்தால் வீடு. எல்லாம் அந்த நீலச் சட்டையில் போய் நின்றது.

எண்பத்தேழாம் வருஷம் வாக்கில் அந்தச் சக்கரம் வந்தது.

உலகநாதன் என்று ஒரு இன்ஜினியர். அண்ணா நகரில் வீடு. ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி அடிக்கடி நழுவ, எப்போதும் தனக்குத்தானே பேசிக்கொள்கிற மனிதர். அவர்தான் ரயில்வேயில் யாரையோ பிடித்து, டீசல் ரயிலுக்கு ஒரு புதுச் சாமான் செய்து காட்டுகிறேன் என்று சொல்லி, செய்வதற்கு இந்த ஷெட்டைத் தேர்ந்தெடுத்தார். சின்னய்யாவுக்கு ரயில்வே ஆர்டர் என்றதும் வாயெல்லாம் பல்.

அது என்ன சாமான் என்று துலுக்கானம்தான் எனக்குச் சொன்னான். என் வீட்டில் தையல் மிஷின் உண்டு. அதன் முன் உட்கார்ந்து வேகமாக மிதித்துவிட்டுக் காலை எடுத்தான். சக்கரம் இரண்டு மூன்று சுற்று தானாகச் சுற்றி நின்றது.

"பாத்தியாக்கா, நான் கால எடுத்துட்டேன், அது இன்னும் சுத்துது. ரயிலு நிக்கசொல்ல பிரேக்கப் போட்டு வேகத்தயெல்லாம் சூடாக்கி வீணாக்கிடறான். கெளம்பசொல்ல மறுபடி டீசல குடிக்குது. இத மாரி பெரிய சக்கரம் ஒண்ணு வண்டிக்குள்ள இருந்தா, நிக்கசொல்ல அந்த வேகத்த அது வாங்கி வெச்சிக்கும். கெளம்பசொல்ல திருப்பிக் குடுத்துடும்."

"வாங்கினத திருப்பிக் குடுக்கிறது அந்தக் கம்பெனில அது ஒண்ணுதான் போல" என்றேன்.

அவன் சிரித்தான். சக்கரம் ரயில்வேயில் பாஸானால் தன்னைப் பர்மனெண்ட் செய்வதாகச் சின்னய்யாவே சொல்லியிருக்கிறார் என்றான். அதனால் அவன் அந்தச் சக்கரத்தைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டான். அது உட்காரக் குழி தோண்டியது அவன்தான். எங்கள் அப்பா வரப்புக்கு அண்டை வெட்டின இடம் அது. ஆள் உயர இரும்புச் சக்கரம், அதைச் சுற்றி இரும்பு மூடி. மூடிக்கு வெளியே தண்டு மட்டும் கழுத்து மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். குழவிக்கல் போல உருண்டையாக, வழுவழுவென்று, முகம் பார்க்கலாம். ஒரு டீசல் இன்ஜினை வைத்து அந்தத் தண்டைச் சுற்றுவார்கள், வேகம் ஏறினதும் இன்ஜினைக் கழற்றிவிடுவார்கள், சக்கரம் தானாகச் சுற்றும். யாரும் கை வைக்காதபடி தண்டுக்கு ஒரு கம்பிக்கூடு உண்டு.

முதலில் எல்லாம் அது போட்ட சத்தம் எங்கள் தெரு வரைக்கும் கேட்கும். ஓவென்று ஊளையிடும். ஆட்கள் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் நின்றுவிடும். இவ்வளவு சீக்கிரம் நின்றால் ரயிலுக்கு ஆகாது என்று உலகநாதன் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு யோசனை செய்தார். மூடிக்குள் இருக்கிற காற்றுதான் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது என்று சொல்லி, காற்றை உறிஞ்சி எடுக்கிற பம்பு ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டினார். மாட்டியது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். ஹெல்ப்பர்களை எல்லாம் அன்றைக்கு ஷெட்டைக் கழுவவும் தோரணம் கட்டவும் அனுப்பிவிட்டார்கள். காற்று இல்லாத மூடிக்குள் அந்தச் சக்கரம் எப்படிச் சுற்றும், எவ்வளவு நேரம் சுற்றும் என்பதைப் பார்த்தது உலகநாதன் மட்டும்தான்.

சத்தமே இல்லாமல் சுற்றியிருக்கிறது. நிற்கவே இல்லை.

விஜயதசமி அன்று ரயில்வே அதிகாரிகள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. நல்ல நாள் என்று சின்னய்யா குறித்துக் கொடுத்த நாள். உலகநாதனுக்கு என்ன எண்ணம் என்றால், இன்று சுற்றிவிட்ட சக்கரம் அவர்கள் வரும்போதும் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். பார்த்தீர்களா, இன்ஜின் நின்று ஒரு நாளுக்குமேல் ஆகியும் உள்ளே சக்தி இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஆனால் நடுவில் ஆயுத பூஜை. பூஜை அன்று எந்த மிஷினும் ஓடக் கூடாது. ஓய்வு கொடுத்து, பொட்டு வைத்து, மாலை போட்டுக் கும்பிடுகிற நாள். சக்கரம் ஓடுகிறது என்று தெரிந்தால் சின்னய்யா நிறுத்தச் சொல்லிவிடுவார். அதனால் உலகநாதன் பொய்யும் சொல்லவில்லை, நிஜமும் சொல்லவில்லை. ஃபோர்மேன் வரதனிடம், ஆஃப் பண்ணிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இன்ஜினை ஆஃப் பண்ணியது உண்மைதானே.

மறுநாள் காலையில் எஸ்டேட் முழுக்க வாழைக் கன்று கட்டியிருந்தது. ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு ரேடியோ செட், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு, பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது காதில் விழாது. பூஜைக்குக் குடும்பத்தோடு வரலாம் என்பதால் நானும் போயிருந்தேன். வாசலில் நிற்கும்போதே தம்பியைப் பார்த்துவிட்டேன். நீலச் சட்டை போட்டிருந்தான்.

சின்னய்யா அன்றைக்குத்தான் கொடுத்தாராம். நாளைக்குச் சக்கரம் பாஸாகிவிடும், நீயும் கம்பெனி ஆள்தான், இப்போதே போட்டுக்கொள் என்றாராம். வேலையை விட்டுப்போன யாருக்கோ தைத்த சட்டை. தோள் தொங்கியது, கை நீளம். மணிக்கட்டுக்குக் கீழே தொங்கிய சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே என்னிடம் வந்து, சுற்றிக் காட்டினான்.

"எப்டிக்கா கீது?"

"அப்பன் சட்டைய மாட்டிக்கினு வந்தவன் மாரி கீது. கழட்டிக் குடு, சாயங்காலம் மிஷின்ல புடிச்சித் தெச்சித் தரேன்" என்றேன்.

கழற்ற மனசில்லை அவனுக்கு. இன்றைக்கு ஒரு நாள் இப்படியே இருக்கட்டும், லோகநாயகி அப்பா பக்கத்து ஷெட்டுக்கு வந்திருக்கிறார், பார்க்கட்டும் என்றான்.

லேத்துகளுக்கெல்லாம் சந்தனம் வைத்தார்கள். கடைசியில் சக்கரத்துக்கு வந்தார்கள். பெயிண்ட் அடித்து மினுக்குவதற்காகத் தண்டின் கம்பிக்கூட்டை முதல் நாளே, உலகநாதன் வீட்டுக்குப் போன பிறகு, கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். சின்னய்யா பட்டு வேட்டியில் நின்றுகொண்டு, சக்கரத்தை நிறுத்தியாச்சா என்று வரதனைக் கேட்டார். நேற்றே ஆஃப் என்று வரதன் சொன்னான். மூடியின்மேல் சந்தனமும் குங்குமமும் அப்பினார்கள். மூடி அசையாமல்தானே இருக்கும். மாலையை எங்கே போடுவது என்று பார்த்தார்கள். மாலை மாட்டுகிற மாதிரி இருந்தது அந்தக் கழுத்து ஒன்றுதான்.

வரதன் மாலையைக் கையில் எடுத்தான். சின்னய்யா தடுத்தார்.

"துலுக்கானம் போடட்டும். எங்க பம்புசெட்டுக்கு இவங்கப்பன்தான் போடுவான். இவங்க கை பட்டாத்தான் எங்களுக்கு விருத்தி."

கிட்டப் போனவன் ஒரு நொடி நின்றான். அவனுக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். வரதனைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆஃப்ல கீது மாமே, தைரியமா போடு" என்றான் வரதன்.

வழுவழுப்பான உருண்டைத் தண்டு சுற்றினாலும் சுற்றாத மாதிரியேதான் இருக்கும். கண்ணுக்குத் தெரிய அதில் ஒரு கோடு கிடையாது, கறை கிடையாது. துலுக்கானமே அதை நன்றாகத் துடைத்து வைத்திருந்தான். அது போட்ட சின்ன ரீங்காரத்தை ரேடியோ செட் விழுங்கிவிட்டது.

சாமந்தி மாலை, வாழை நாரில் கட்டினது. அதைத் தண்டில் மாட்டினான். பூ எல்லாம் ஒரே வீச்சில் நாலு பக்கமும் தெறித்தது. யாரோ மேலேயிருந்து பூ தூவுகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். கூட நின்ற சில பேர் சிரித்தார்கள்கூட. நார் அவன் விரல்களைச் சுற்றியது, தொங்கின சட்டைக் கையைச் சுற்றியது, பிறகு கையைச் சுற்றியது. ஒரு துணியை முறுக்கிப் பிழிவது போல. அவன் கத்துவதற்குள் முடிந்துவிட்டது. சக்கரம் அவனைத் தூக்கி மூடியில் ஒரு தரம் அறைந்துவிட்டு இந்தப் பக்கம் எறிந்தது. கையை அது வைத்துக்கொண்டது.

யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார்கள். அடுத்த ஆள் பியூஸையே பிடுங்கினான். ஏற்கெனவே ஆஃபில் இருப்பதை இன்னொரு தரம் எப்படி ஆஃப் செய்வது. அதற்கு பிரேக் என்று ஒன்று இல்லை. நாங்கள் அவனைப் பலகையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போதும் அது தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, சட்டைத் துணியின் ஒரு நாடா மட்டும் அதில் பறந்துகொண்டிருந்தது. இப்போதுதான் அது சுற்றுவது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

தொழிலாளர் ஆஸ்பத்திரிக்குப் போக ஈஎஸ்ஐ கார்டு இல்லாதவனை எங்கே கொண்டுபோவது, பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். தோளுக்குக் கீழே ஒரு சாண் விட்டு மிச்சத்தைச் சரிசெய்து தைத்தார்கள். அவர்கள் நன்றாகத்தான் பார்த்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் ரயில்வே அதிகாரிகள் குறித்த நேரத்துக்கு வந்தார்களாம். தரையைக் கழுவி, கம்பிக்கூட்டை மாட்டி, பிய்ந்த துணியை எடுத்துவிட்டு வைத்திருந்தார்களாம். சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதிகாரிகள் அசந்துபோய் உலகநாதனுக்குக் கை கொடுத்தார்கள். இதை வரதன் டீக்கடையில் சொன்னான், நான் வெற்றிலை வாங்க நின்றபோது என் காதாலேயே கேட்டேன். ஒரு கையைத் தின்ற பிறகும் வேகம் குறையவில்லை, அப்படிப்பட்ட சக்கரம் என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். துலுக்கானம் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சு.

நான் சும்மா இருக்கவில்லை. ஃபேக்டரிகளைப் பார்க்கிற ஆபீஸ் ஒன்று இருப்பதாக யாரோ சொன்னார்கள். போய் வாசலில் உட்கார்ந்தேன். உள்ளே விடவில்லை, மறுநாளும் போனேன். எழுதிக் கொண்டுவா என்றார்கள், எழுதத் தெரியாது, கேளுங்கள் சொல்கிறேன் என்றேன். வாசற்படியில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே இருந்தேன், அவர்கள் போகவும் வரவும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைசியில் ஒரு இன்ஸ்பெக்டர் ஷெட்டுக்கு வந்து விசாரிப்பதாக முடிவாயிற்று.

அது தெரிந்ததும் சின்னய்யா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தரம். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். உள்ளே வரவில்லை, ஸ்கூட்டரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு தம்பியை வெளியே கூப்பிட்டார். எங்கள் அப்பாவைப் பற்றிப் பேசினார், பம்புசெட்டைப் பற்றிப் பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். வேலையில் அடிபட்டான் என்று எழுதினால் கம்பெனியை மூடிவிடுவார்கள், ரயில்வே ஆர்டர் போய்விடும், நூறு குடும்பம் தெருவில் நிற்கும். பூஜைக்கு வந்த இடத்தில் பட்டது என்று மட்டும் சொல். கேட்டில் வாட்ச்மேன் வேலை, பர்மனெண்ட். ஒரு கை போதும் அதற்கு.

அவர் போன பிறகு நான் தம்பியிடம் சொன்னேன். நீ வேலையில்தான் இருந்தாய், முதலாளி சொன்னார், நீ செய்தாய், அதற்குப் பேர் வேலை. அப்படியே சொல். அவன் ஆணியில் தொங்கிய நீலச் சட்டையையே பார்த்தான். ஆஸ்பத்திரியில் அதை வெட்டித்தான் எடுத்தார்கள். நான் துவைத்து, வலது கை இருந்த இடத்தை மூடித் தைத்து வைத்திருந்தேன். ரத்தம் போகவில்லை. அந்தச் சிவப்பு நூல் மட்டும் பளிச்சென்று இருந்தது.

விசாரணைக்கு அதைத்தான் மாட்டிக்கொண்டு வந்தான். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிந்தார். அவனை உட்காரச் சொன்னார். முதலில் உலகநாதனைக் கேட்டார். உலகநாதன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இன்ஜின் ஆஃப் என்று நான் சொன்னது உண்மை, சக்கரம் நின்றுவிட்டது என்று நான் எப்போதும் சொல்லவில்லை என்றார். வரதன், அவர் சொன்னதைத்தான் நான் சொன்னேன் என்றான். பிறகு என் தம்பியிடம் வந்தார்.

"அன்னிக்கு நீ டூட்டியில இருந்தியாப்பா?"

துலுக்கானம் என்னைப் பார்க்கவில்லை. சின்னய்யாவைப் பார்த்தான்.

"இல்ல சார். லீவு. ஆஃபு."

"மிஷின் ஓடிக்கிட்டிருந்ததா?"

"அதுவும் ஆஃபுதான் சார்."

நான் குறுக்கே பேசினேன். சட்டையைப் பாருங்கய்யா, அது கம்பெனிச் சட்டைதானே, கம்பெனி ஆளே இல்லாதவனுக்கு எதற்குச் சட்டை கொடுத்தார்கள் என்று கேட்டேன். பண்டிகைக்குத் துணி எடுத்துக் கொடுப்பது எங்கள் குடும்ப வழக்கம் என்று சின்னய்யா சிரித்துக்கொண்டே சொன்னார். இவங்கப்பனுக்கு எங்கப்பா வேட்டி கொடுப்பார், நான் சட்டை கொடுத்தேன் என்றார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டார். மிஷினும் ஆஃப், மனுஷனும் ஆஃப். ஆக அங்கே ஒன்றுமே நடக்கவில்லை.

புண் ஆறினதும் துலுக்கானம் வாட்ச்மேன் வேலைக்குப் போனான். காலையில் எழுந்து குளித்து, இடது கையால் தலை சீவத் தெரியாமல் என்னிடம் சீவிக்கொண்டு போனான். கேட்டில் வரதன் நின்றுகொண்டிருந்தான்.

"பூசைக்கி வந்தேன்னு நீதான சொல்லிகீற. பூசைக்கி வந்தவனுக்கு இங்க இன்னா டூட்டி? அடுத்த பூசைக்கி வா மாமே, பொரி தருவோம். அந்தச் சட்டைய மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் போ."

அவன் கழற்றப் போயிருக்கிறான். ஒரு கையால் பொத்தானைக் கழற்ற முடியாமல் திணறிக்கொண்டு நின்றிருக்கிறான், கேட்டுக்குள் போகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். தெருவில் கேள்விப்பட்டு நான் ஓடினேன். அவனை இழுத்துக்கொண்டு வந்தேன். சட்டையைக் கொடுக்கவில்லை. பிறகு இரண்டு தரம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். கையைக் கொண்டுவந்து கொடு, சட்டையைத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

லோகநாயகியை ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவில் வேலை செய்கிற ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பத்திரிகை எங்களுக்கும் வந்தது. துலுக்கானம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தான். நல்ல சாப்பாடு என்று சொன்னான்.

டீக்கடையில் அவனுக்கு ஆஃப் என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆஃபு என்றால் நிறுத்தினது, ஆஃபு என்றால் பாதியும்தானே. ஒரு ஆஃப் வருது பார், ஆஃபுக்கு ஆஃப் டீ கொடு என்பார்கள். அவன் முதலில் கூடவே சிரித்தான். பிறகு கடைக்குப் போவதை விட்டான். பிறகு சாராயக் கடைக்குப் போக ஆரம்பித்தான். அங்கே யாரும் பேர் வைப்பதில்லை, எல்லோருக்கும் ஒரே பேர்தான்.

ஒரு பழக்கம் மட்டும் அவனை விடவில்லை. என் வீட்டு கிரைண்டராக இருக்கட்டும், யாருடைய சைக்கிள் சக்கரமாக இருக்கட்டும், உருண்டையான எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து அதன்மேல் போட்டுப் பார்ப்பான். காகிதம் அசையாமல் கிடந்தால்தான் தொடுவான். தட்டில் வைத்த இட்லிமேல்கூட ஒரு நாள் போட்டான். விளையாட்டுக்குத்தான் செய்தான் என்று என் மகள் சிரித்தாள். நான் அவன் முகத்தைப் பார்த்தேன், விளையாட்டு இல்லை.

சக்கரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ரயில்வேக்காரர்கள் கொஞ்ச காலம் வந்து பார்த்தார்கள், ஒரு வண்டியில்கூட அதை ஏற்றவில்லை. பாரம் அதிகம் என்றார்களாம், வளைவில் திரும்பும்போது வண்டியைத் திரும்பவிடாது என்றார்களாம், யாருக்குத் தெரியும். உலகநாதன் வேறு ஊருக்குப் போய்விட்டார். சக்கரம் தார்ப்பாயை மூடிக்கொண்டு அந்தக் குழியிலேயே கிடந்தது. சின்னய்யா அதை உடனே விற்கவில்லை. வேறு வேறு ஆர்டர் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்து குவிந்தது அவருக்கு. காவு வாங்கின மிஷின், இருக்கட்டும், ராசி என்று சொல்லுவாராம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் பொட்டு அதற்குத்தான். என் தம்பி அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிற்பான். இடது கையில் ஒரு பொரிப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்புவார்கள். போகாதே என்று நான் அடித்துக்கூடப் பார்த்தேன். இந்த வருஷம் கூப்பிடுவார்கள் அக்கா என்பான். அவன் மனசுக்குள் ஏதோ ஒன்று நிற்காமல் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

ஷெட்டை இடித்துப் பெரிதாகக் கட்டினபோது ராசியும் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. லாரியில் ஏற்றும்போது துலுக்கானம் அங்கே இருந்தான். ஒரு காகிதத்தைக் கிழித்து அந்தத் தண்டின்மேல் போட்டான். அது அப்படியே கிடந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அதன்மேல் இடது கையை வைத்துவிட்டு வந்தான். அதன் பிறகு குடி இன்னும் அதிகமாகிவிட்டது. கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு ஊதி, தொண்ணூற்றைந்தாம் வருஷம் தை மாசத்தில் என் மடியில் போனான்.

குளிப்பாட்டி, அந்த நீலச் சட்டையைத்தான் போட்டேன். செத்தவனுக்குப் புதுத் துணிதான் போட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். இது அவன் ஒரே ஒரு நாள் வேலைக்குப் போட்ட சட்டை, புதுசுதான் என்றேன்.

எடுக்கிற நேரத்தில் சின்னய்யா காரில் வந்து இறங்கினார். கூட வரதன். அப்போது அவர் கோயில் தர்மகர்த்தா, எங்கள் தெருவில் சாவு என்றால் ஒரு எட்டு வந்து போவார். கையில் பெரிய சாமந்தி மாலை. கூட்டம் வழிவிட்டது. சட்டைப் பையின் மேலிருந்த சிவப்பு நூலைப் பார்த்தார். ஒரு கணம் முகம் மாறிற்று, பிறகு சரிசெய்துகொண்டார். சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி, நம்ம கம்பெனி ஆளு என்றார். கை போன பிறகு, என் தம்பி உயிரோடு இருந்தவரையில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை.

மாலையோடு அவர் குனிந்தபோது நான் எழுந்து நின்றேன். பிறந்ததிலிருந்து சின்னய்யா என்று கூப்பிட்ட வாய் என்னுடையது.

"கொஞ்சம் இரு நைனா. ஆஃப் ஆயிட்டான்னுதான் சொல்லிகீறாங்க. நின்னுட்டானானு பாத்துட்டு மாலையப் போடு."

மேளம் அடிக்கிறவர்கள்கூடக் கையை எடுத்துவிட்டார்கள். வரதன் தரையைப் பார்த்தான். சின்னய்யா குனிந்தபடியே நின்றார். அவர் கண் என் தம்பியின் முகத்துக்குப் போயிற்று, மூச்சு வருகிறதா என்று நிஜமாகவே பார்க்கிற மாதிரி. அப்புறம் மாலையை நீட்டின கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சட்டென்று, சுட்டுக்கொண்டவர் மாதிரி.

மாலையை வரதனிடம் கொடுத்தார். வரதனுக்கும் போடத் துணிச்சல் வரவில்லை. பந்தல் காலில் மாட்டிவிட்டு இரண்டு பேரும் காரில் ஏறிப் போனார்கள். எங்கள் தெரு ஆடு ஒன்று அதை இழுத்து, நாரோடு சேர்த்து நின்ற இடத்திலேயே தின்றது. யாரும் விரட்டவில்லை.

சட்டையை யாரும் கழற்ற விடவில்லை நான். அதோடேதான் கொண்டுபோனோம்.